‘பேய்ப் படப் பட்டியலில் சுறாவுக்கு என்ன வேலை?’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் என் மனதுக்குப் பட்ட பத்துத் திகில் படங்களை வரிசை போட்டு எழுதியிருந்தேன். ‘ரோஸ்மேரிஸ் பேபி’ முதல் இடம், பிறகு ‘தி எக்ஸார்சிஸ்ட்’, ‘தி இன்னசென்ட்ஸ்’, ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, ‘ஜாஸ்’. ‘யாவரும் நலம்’ எட்டாவது இடத்தில். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சண்டைக் கடிதங்கள். படங்களுக்காக இவ்வளவு அக்கறையோடு சண்டை போட தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஒவ்வொன்றாக வருகிறேன். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் பேச முடியாது, அதனால் பார்க்காதவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: அக்கா, திகில் படப் பட்டியலில் சுறா மீனுக்கு என்ன வேலை? ‘ஜாஸ்’ ஒரு சாகசப் படம். அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அந்த இடத்தை வேறு படத்துக்குக் கொடுத்திருக்கலாம்.
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, டர்பன்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? நம் கடற்கரையில் சுறா வலை போட்டது 1952-இல். அப்போது வலை இல்லாத தென்கரை ஊர்களில் 1957 டிசம்பரிலிருந்து அடுத்த ஈஸ்டர் வரை சுறா அடுத்தடுத்து ஆட்களைக் கடித்தது, அதற்குக் ‘கறுப்பு டிசம்பர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப, ஹோட்டல்கள் காலி. கடற்படைக் கப்பலை வரவழைத்துக் கடலுக்குள் வெடி போட்டார்கள், செத்து மிதந்த மீனைத் தின்ன இன்னும் சுறாக்கள்தான் வந்தன. எங்கள் பெரிய மாமா அந்தக் காலத்தில் டர்பனில் கரைவலை இழுத்தவர். வலைக்குள் சுறா இருந்தால் கயிறு கையில் வேறு மாதிரி பேசும் என்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கயிறு மட்டும் ஒரு பக்கமாக இழுக்கும், அப்புறம் சட்டென்று தளரும். தளரும்போதுதான் பயம் என்று சொல்லுவார்.

ஸ்பீல்பெர்க் 1975-இல் எடுத்த படம் அந்தக் கயிறுதான். செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி கெட்டுப்போனது, 55 நாளில் முடிக்க நினைத்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறாவைக் காட்ட முடியாததால் தண்ணீரையும் மிதவையையும் பீப்பாயையும் காட்டினார்கள். அதுவே படத்தைக் காப்பாற்றியது, இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் நான் அதை ஐந்தாம் இடத்தில் வைத்தது அதற்காக இல்லை. முதல் பெண் செத்ததுமே கடற்கரையை மூட வேண்டும் என்று போலீஸ் அதிகாரி சொல்கிறார். மேயருக்கு ஜூலை மாத வியாபாரம் முக்கியம், படகில் அடிபட்டுச் செத்ததாக எழுதச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து ஒரு சின்னப் பையன் போகிறான். அவனுடைய அம்மா கறுப்பு உடையில், முகத்து வலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் அந்த அதிகாரியைக் கன்னத்தில் அறைகிறாள். உனக்குத் தெரிந்திருந்தும் கடலைத் திறந்து வைத்தாய் என்கிறாள். அவள் சொன்னது தப்பு என்று மேயர் சமாதானம் சொல்ல, இல்லை, சரிதான் என்கிறார் அவர். சுறா வருகிற எந்தக் காட்சியிலும் எனக்கு அந்த அறை விழுந்த இடத்தில் வந்த நடுக்கம் வந்ததில்லை.

இதுதான் என் அளவுகோல், எல்லாக் கேள்விக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் உண்மையைச் சொல்கிறார், கேட்க வேண்டியவர்கள் நம்பவில்லை. உலகத்தின் பெரிய திகில் படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நிலைமையைத்தான் வேறு வேறு வேஷத்தில் காட்டுகின்றன என்பது என் எண்ணம். பேய் வருகிறதா, ரத்தம் வருகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தை என் மகளோடு பார்த்தேன். பச்சை வாந்தியைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். ஐம்பது வருஷம் ஆன படம் இன்னும் இரண்டாம் இடத்தில் இருக்கத் தகுதி உள்ளதா?
– ஒரு வாசகி, வெருலம்

பதில்: அந்த வாந்தி பட்டாணி சூப்தான் அம்மா, சிரிக்கட்டும், தப்பில்லை. மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் படுக்கையறை செட்டையே குளிர்பதன அறை மாதிரி ஆக்கி எடுத்தார் இயக்குநர் ஃபிரீட்கின். அந்த உழைப்பு 1973-இல் பார்த்தவர்களை உலுக்கியது, இன்றைய பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது மகளை ஆஸ்பத்திரிக் காட்சியில் மட்டும் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். பாதிரியார் வீட்டுக்குள் வருவதற்கு வெகு நேரம் முன்னால், பேய் பிடித்த அந்தச் சிறுமியைப் படுக்க வைத்து, கழுத்தில் ஊசி இறக்கி, ரத்தம் சட்டென்று தெறித்து, பெரிய இயந்திரம் தலையைச் சுற்றித் தடதடவென்று அடித்துப் படம் எடுக்கும். பேயே இல்லாத காட்சி. டாக்டர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் படத்தை விளக்கு முன் தூக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்கிறார்கள். அந்தத் தாயின் முகத்தைப் பாருங்கள்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு வருஷம் வயிற்று வலி. ஓர் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை கூட்டிப் போனோம், மூன்று தடவையும் வெறும் வாயு என்று ஒரே மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். காரில் திரும்பி வரும்போது அம்மா என்னிடம், “எனக்கு நிஜமாவே வலிக்குது கண்ணு” என்றாள். என்னிடம்! நானும் நம்பவில்லை என்று நினைத்துவிட்டாள். நாலாவது தடவை வேறு இடத்தில் பித்தப்பைக் கல் என்று கண்டுபிடித்து எடுத்தார்கள், நன்றாகிவிட்டாள். ஆனால் அந்தப் படத்தில் இயந்திரம் தடதடக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் கார் ஞாபகம் வருகிறது. இரண்டாம் இடத்திலிருந்து அதை இறக்க மாட்டேன்.

கேள்வி: ‘தி ஷைனிங்’ இல்லாத பட்டியல் ஒரு பட்டியலா?
– ஒரு கல்லூரி மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: இந்தக் கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது, உங்களுடையதுதான் எல்லாவற்றிலும் சின்னது.

குப்ரிக் 1980-இல் எடுத்த அந்தப் படத்தின் அழகைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பையன் மூன்று சக்கர சைக்கிளில் ஹோட்டல் நடையில் போகிறான், மரத்தரையில் சக்கரம் கடகடவென்கிறது, கம்பளத்தில் ஏறினால் அமைதி, திரும்ப மரத்தரை, திரும்ப அமைதி. கேமரா தரையை ஒட்டியே அவன் பின்னால் போகிறது. நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்கிற ஸ்டெடிகேம் அப்போது புதிதாக வந்த கருவி, அதை இவ்வளவு நன்றாக அதற்கு முன் யாரும் பயன்படுத்தவில்லை என்றுகூடச் சொல்லலாம். கதையை எழுதிய ஸ்டீபன் கிங்குக்குப் படம் பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அவர் சொன்ன குறைகளில் ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆளில்லாத ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு வருகிற அந்தக் கணவன் முதல் காட்சியிலேயே பாதி பைத்தியமாகத் தெரிகிறான். நல்ல மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறான் என்றால் நெஞ்சு பதறும், ஆரம்பத்திலேயே கெட்டவன் என்றால் எப்போது கோடாலியை எடுப்பான் என்று காத்திருப்போம், அவ்வளவுதான்.

அந்த மனைவி, ஷெல்லி டுவால் நடித்தவள், தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காகிதக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது எல்லாப் பக்கத்திலும் ஒரே வாக்கியம். அந்தக் காட்சிக்காக மட்டும் பதினொன்றாம் இடம் தருகிறேன். பத்துக்குள் வர முடியவில்லை, மன்னிக்கவும்.

கேள்வி: முதல் ஐந்தில் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரன் எடுத்தால்தான் பேயா? நாங்கள் சின்ன வயதில் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ பார்த்துவிட்டு ஒரு வாரம் வெளியே ஒதுங்கப் போகவில்லை.
– ஒரு பெரியவர், டொங்காட்

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1978-இல் வந்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ படத்தை நான் பார்த்தது பல வருஷம் கழித்து, வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். படத்தின் பாதியில் திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்தக் கேசட்டைத் தெருவில் பத்து வீடு பார்த்திருக்கும், பேய் வருகிற இடத்தை ஆளாளுக்குப் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் அந்த இடம் மட்டும் தேய்ந்து போயிருக்கும். கோடு ஓட ஆரம்பித்தாலே பேய் வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்! அப்படி ஒரு பயத்தை இன்றைக்கு எந்தத் திரையும் தராது. ஆனால் அது என் வயதும் அந்தக் கேசட்டும் சேர்ந்து தந்த பயம், படத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் நம் ஆட்கள் திகில் படத்தை என்ன செய்தார்கள் என்பதையும் கொஞ்சம் பேசுவோம். ‘காஞ்சனா’ 2011-இல் பெரிய வெற்றி. அதில் சரத்குமார் வருகிற பகுதிக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன், திருநங்கை ஒருவரின் வலியைப் பெரிய திரையில் அவ்வளவு பேருக்குக் கொண்டுபோனது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ‘அரண்மனை’ வகையறாக்களில் பேய் என்றால் இரண்டு காமெடி, ஒரு குத்துப் பாட்டு, கடைசியில் அம்மன் சிலை முன்னால் சண்டை என்று அச்சு வார்த்துவிட்டார்கள். எல்லாரும் பேயைப் பார்த்துவிடுகிறார்கள், எல்லாரும் உடனே நம்பிவிடுகிறார்கள், சேர்ந்து அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஓடினால் அதில் எங்கே பயம்? திருவிழாக் கூட்டம் மாதிரிதான் இருக்கும்.

‘யாவரும் நலம்’ அப்படி இல்லை. விக்ரம் குமார் 2009-இல் எடுத்தது, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது, வேறு யாராவது கூட ஏறினால் நகரும். வீட்டில் தினமும் பால் திரிந்து போகிறது. அம்மாவும் அண்ணியும் மத்தியானம் ஒரு சீரியல் பார்க்கிறார்கள், அதில் நடப்பது இவர்கள் வீட்டில் நடக்கிறது. அவனுக்கு மட்டும்தான் அது உறைக்கிறது. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் இருக்கிறான், சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எல்லாரும் சீரியலைப் பார்க்க இவன் அவர்கள் முகத்தைப் பார்க்கிறான். டொங்காட்டில் மத்தியானம் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம், அதனால்தான் அது வயிற்றைக் கலக்குகிறது. இறுதிப் பகுதி கொஞ்சம் அவசரம். இல்லையென்றால் இன்னும் மேலே போயிருக்கும்.

உங்கள் கடிதம் படித்த பிறகு இன்னொரு படத்தைத் திரும்பப் பார்த்தேன், அதற்கு உங்களுக்குத்தான் நன்றி. அதே 2009-இல் அறிவழகன் எடுத்த ‘ஈரம்’. அதில் ஆவி தண்ணீர் வழியாக வருகிறது, மழை, குழாய், கண்ணாடியில் படிகிற நீராவி. ஒரு பெண் குளியல் தொட்டியில் செத்துக் கிடக்கிறாள், தற்கொலை என்று கேஸை மூடப் பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்தார் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார்கள், கணவன் அதை நம்பி அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறான். உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை அவன் நம்பவில்லை, செத்த பிறகு தண்ணீரைக் கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தடவை நான் அதை ஒரு கொலைப் படமாகப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை, படம் முடிந்து நடு இரவில் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன், திரும்பச் சொட்டியது. இறுக்க மனது வரவில்லை. சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் இடம் ‘ஈரம்’. மாற்றிக்கொள்கிறேன்.

கேள்வி: ‘சந்திரமுகி’, ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் மறு ஆக்கம் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ இருக்கிறதே?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சரிதான், விட்டுவிட்டேன். 1993-இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்தார், 2004-இல் பி. வாசு கன்னடத்தில் எடுத்தார், அவரே 2005-இல் ரஜினியை வைத்துத் தமிழில் எடுத்தார். ஜோதிகா கண்ணை உருட்டுகிற காட்சிக்கு நம் ஊர்த் தியேட்டரில் விசில் பறந்ததை நானும் கேட்டேன். ஆனால் மூலத்தில் ஷோபனா செய்தது வேறு ரகம், அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். கணவன் வெளியே போகக் கூடாது என்கிறான், அவ்வளவுதான். அவள் முகம் மாறி, குரல் மாறி, கனமான கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள், அந்த நேரத்தில் வாயிலிருந்து வருவது மலையாளம் இல்லை, தமிழ். அந்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. நம் மொழியையே ஆவியின் மொழியாகக் கேட்கும்போது ஏற்படுகிற கூச்சம் இருக்கிறதே, அதைத் தமிழ்க்காரர்கள் மட்டும்தான் உணர முடியும்.

அந்தப் படத்தில் பழி முதலில் வேறு ஒரு பெண் மேல் விழுகிறது, அதையும் கவனியுங்கள். உண்மையான நோயாளியைக் கண்டுபிடித்து, அவளை நம்பி, அவளைச் சுற்றி வீட்டையே ஒரு நாடகமாக்கிக் காப்பாற்றுகிறார் டாக்டர். நம்ப ஆள் கிடைத்துவிட்டது, அதனால் நல்லபடியாக முடிகிறது.

கேள்வி: ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பழைய கறுப்பு வெள்ளைப் படம், நடிப்பும் சுமார். அதற்கு நாலாம் இடம் அதிகம் இல்லையா?
– ஒரு வாசகர், இசிபிங்கோ

பதில்: நடிப்பு சிலருக்குச் சுமார்தான். ஜார்ஜ் ரொமெரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் பக்கத்தில் சொற்பக் காசில் எடுத்த படம். கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது உரிமைக் குறிப்பைப் போட மறந்ததால், யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்று ஆகிவிட்டது. அதனாலேயே உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

கதாநாயகன் பென், டுவேன் ஜோன்ஸ் நடித்தார், கறுப்பினத்தவர், வருஷம் 1968. செத்தவர்கள் எழுந்து வர, பண்ணை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களில் நிதானமாக ஆணி அடித்துக் கதவை மூடுகிறவர் அவர் ஒருவர்தான். நிலவறைக்குள் போய்விடலாம் என்கிற இன்னொருவரோடு ராத்திரி முழுக்கச் சண்டை. கடைசியில் பென் உயிர் பிழைப்பதே அந்த நிலவறையில் ஒளிந்துதான். அவர் எப்போதும் சரியாகத்தான் இருப்பார் என்று காட்டாமல், அவரையும் தப்பு செய்கிற மனிதராகக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. விடிகிறது. துப்பாக்கியோடு ஊர்க்காரர்கள் வருகிறார்கள், உதவி வந்துவிட்டது என்று ஜன்னலுக்கு வருகிறார். தூரத்திலிருந்து பார்த்து, இன்னொரு பிணம் என்று நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். அப்புறம் கொக்கியால் இழுத்துப் போய் எரிக்கிறதை அசையாத புகைப்படங்களாக, செய்தித்தாள் படம் மாதிரி காட்டுகிறார்கள்.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகைப்படங்களை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட படங்களைச் செய்தித்தாளில் நாம் பார்த்திருக்கிறோம். என் கணவர் அந்த முடிவைப் பார்த்துவிட்டு எழுந்து போய் வாசலில் ரொம்ப நேரம் நின்றார். நாலாம் இடம் அதிகம் இல்லை.

கேள்வி: ரத்தம் அதிகம் இருந்தால்தானே பயம் அதிகம்?
– ஒரு வாசகர், ஸ்டேங்கர்

பதில்: இல்லை. ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக்கு ஹிட்ச்காக் ஏழு நாள் செலவழித்தார், திரையில் வருவது முக்கால் நிமிஷம், ஓடுகிற ரத்தம் சாக்லேட் சாறு. கத்தி உடம்பில் இறங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள்தான் குத்துகின்றன.

கேள்வி: ஜப்பான் ‘ரிங்’ ஏன் ஒன்பதாம் இடத்தில்? நம்பாத ஆட்கள் என்கிற உங்கள் கணக்கு அங்கே பொருந்தாதே.
– ஒரு வாசகி, உம்லங்கா

பதில்: பொருந்தவில்லை, அதனால்தான் கீழே போனது, ஆனால் வெளியே தள்ளவும் முடியவில்லை. 1998-இல் ஹிடியோ நகாடா எடுத்தது, பார்த்தவர்களை ஏழு நாளில் கொல்லுகிற ஒரு வீடியோ கேசட்டின் கதை. டிவிக்குள்ளிருந்து சடாகோ என்கிற ஆவி ஊர்ந்து வருகிற நடையை, நடிகையைப் பின்பக்கமாக நடக்க வைத்துப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். அதனால்தான் அந்த உடம்பு மனித உடம்பாகவும் இருக்கிறது, இல்லாததாகவும் இருக்கிறது. அந்தக் கதையில் நம்புகிறவர்கள் நிறையப் பேர். நம்பினாலும் பிழைக்க ஒரே வழி, கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குப் போட்டுக் காட்டுவது. தன் மகனைக் காப்பாற்ற அந்தத் தாய் யாருக்குப் போட்டுக் காட்டப் போகிறாள் என்று புரிகிற இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. வாடகைக் கேசட் வீடு வீடாகச் சுற்றிய தெருவில் வளர்ந்தவர்களுக்கு அது நெருப்பு மாதிரி சுடும்.

கேள்வி: நம் நாட்டுப் படம் ஒன்றும் தேறாதா? டோக்கொலோஷ் என்கிற குட்டிப் பிசாசு இருக்கிறதே!
– ஒரு வாசகர், மவுண்ட் எட்ஜ்கோம்ப்

பதில்: டோக்கொலோஷ் பெயரிலேயே 2018-இல் ஒரு படம் வந்தது. ஜொகனஸ்பர்க் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற ஏழைப் பெண், மேலதிகாரியின் தொல்லை, அங்கே கைவிடப்பட்ட ஒரு சிறுமி. எடுத்துக்கொண்ட விஷயம் நல்ல விஷயம், பாருங்கள். 2021-இல் வந்த ‘கையா’ இன்னும் தேர்ந்த படம். சிட்சிகாமா காட்டில் காளான் மனித உடம்பில் முளைக்கிறது. மரத்தின் ஈரமும் பூஞ்சணமும் திரையிலிருந்து மூக்குக்கு வருகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் இடம் என்று ஒன்று இருந்தால் அதற்குத்தான்.

நீங்கள் டோக்கொலோஷ் என்றதும் எங்கள் பழைய கரும்புத் தோட்டத்து லைன் வீடு ஞாபகம் வந்துவிட்டது. பின்பக்கத்து அறையில் இருந்த ஜுலு அம்மாவின் கட்டில் நாலு காலுக்கும் கீழே மும்மூன்று செங்கல் இருக்கும், பழைய சேலைத் துணியால் சுற்றி வைத்திருப்பார். டோக்கொலோஷ் குள்ளம், செங்கல் வைத்தால் எட்டாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு ராத்திரி, எனக்கு ஏழு வயது இருக்கும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் முனீஸ்வரன் கல் இருக்கிற மாமரத்தடியில் யாரோ நிற்கிறார்கள். அம்மாவை எழுப்பினேன், கனவு, படு என்றாள். அப்பா மில்லில் ஷிஃப்ட். அண்ணன் சிரித்தான். எங்கள் பாட்டி, ஆயாதான் எழுந்து, “எங்கே நின்னான், காட்டு” என்று மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள், செருப்பைத் தேடிப் போட்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மரத்தடியில் யாரும் இல்லை. விளக்கைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள். ஈர மண்ணில் பூட்ஸ் தடம், பக்கத்தில் அணைத்த பீடித் துண்டு. “நீ சொன்னது சரிதான்” என்றாள். பக்கத்து லைன்காரர், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போக மனமில்லாமல் நின்றிருக்கிறார், மறுநாள் தெரிந்தது. ஆனால் என் பயம் மறுநாள் போகவில்லை. ஆயா செருப்பைத் தேடிய அந்த நிமிஷமே போய்விட்டது.

கேள்வி: ‘ரோஸ்மேரிஸ் பேபி’ எடுத்தவர் மேல் இருக்கிற வழக்கு உங்களுக்குத் தெரியாதா? ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அதற்கு முதல் இடம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தெரியும். பதிமூன்று வயதுச் சிறுமியிடம் நடந்துகொண்டதற்காக 1977-இல் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை சொல்லும் முன்பே 1978-இல் அமெரிக்காவை விட்டு ஓடியவர் போலன்ஸ்கி. அதை அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதாதது என் தப்பு.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. தன் குழந்தையைப் பறிக்கக் கணவனும் புது டாக்டரும் சதி செய்கிறார்கள் என்று பயப்படுகிற கர்ப்பிணிப் பெண், மியா ஃபாரோ, வெயிலில் பெட்டியோடு ஓடிவந்து தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு பழைய டாக்டரைக் கெஞ்சிக் கூப்பிடுகிறாள். அவர் வரச் சொல்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்கிறார், குறுக்கே பேசவில்லை, படுத்து ஓய்வெடு என்கிறார். அப்பாடா, ஒருவர் நம்பிவிட்டார் என்று அவள் தூங்கிவிடுகிறாள், நாமும் மூச்சு விடுகிறோம். கதவு திறக்கிறது. அவளுடைய கணவனையும் அந்த இன்னொரு டாக்டரையுமே கூட்டி வந்திருக்கிறார். இவ்வளவு துல்லியமாக ஒரு பெண்ணின் நிலையைத் தெரிந்து எடுத்தவர் பிறகு ஒரு சிறுமிக்கு அதைச் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. படம் மியா ஃபாரோவுடையது, கதை ஐரா லெவினுடையது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு முதல் இடத்தில் வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பட்டியலை விட்டு எடுக்க மாட்டேன், ஆனால் முதல் இடத்தில் வைத்துக் கொண்டாட எனக்கும் இனி மனது வராது. ‘தி இன்னசென்ட்ஸ்’ மேலே போகட்டும், இது மூன்றாம் இடத்துக்கு வரட்டும்.

கேள்வி: நான் திகில் படமே பார்த்ததில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம், எப்படிப் பார்க்கலாம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, லெனேசியா

பதில்: டீச்சர், ‘தி இன்னசென்ட்ஸ்’ படத்திலிருந்தே தொடங்குங்கள். 1961, ஜாக் கிளேட்டன் எடுத்தது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பெரிய மாளிகை, இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிற டெபோரா கெர். அவளுக்கு மட்டும் செத்தவர்கள் தெரிகிறார்கள், அல்லது தெரிகிறார்கள் என்று அவள் நினைக்கிறாள். மற்ற படங்களில் ஊர் அவளை நம்பாது, நாம் நம்புவோம். இதில் நமக்கே நிச்சயம் இல்லை. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ் வடிகட்டிக் கண்ணாடிகளின் ஓரத்தில் தன் கையாலேயே சாயம் பூசிப் படத்தின் இரண்டு பக்கத்தையும் இருட்டாக்கினார், அதனால் நடுவில் வெளிச்சம் இருந்தாலும் ஓரத்தில் யாரோ இருக்கிற மாதிரியே இருக்கும்.

ராத்திரி வேண்டாம். பகல் இரண்டு மணிக்கு, திரைச்சீலையைத் திறந்து வைத்துக்கொண்டு, டீ போட்டு வைத்துக்கொண்டு பாருங்கள். பாதிப் படத்தில் ஏரிக்கரைக் காட்சி வரும். நல்ல பகல் வெளிச்சம், குழந்தை ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விளையாடுகிறது, எதிர்க்கரையில் நாணல் நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். யாரும் கத்தவில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, குழந்தை அவளைப் பார்த்ததா இல்லையா என்று உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன், ஒரு தடவை பார்த்தது என்று தோன்றுகிறது, அடுத்த தடவை இல்லை என்று தோன்றுகிறது.